டில்வென் பிரைஸ் வேலைக்கு வந்த நாட்கள்

ஓய்வு பெற்ற பிறகு டில்வென் பிரைஸ் எங்கள் வார்டில் நானூற்றுப் பன்னிரண்டு நாள் வேலை பார்த்திருக்கிறார். கணினிப் பதிவு அப்படித்தான் சொல்கிறது. காலையில் மருந்து, பகலில் மருந்து, மாலையில் மருந்து, எல்லாம் அவர் கொடுத்தது. ஒரு நாள் விடுப்பில்லை. கிறிஸ்துமஸ் அன்றுகூட வந்திருக்கிறார். உண்மையில் அதில் நானூற்று இரண்டு நாள் அவர் ஆஸ்பத்திரிப் படியே ஏறவில்லை. கடைசிப் பத்து நாள் வார்டில் இருந்தார், நோயாளியாக. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவரை வர வைத்துக்கொண்டிருந்தது நான்தான்.

என் பெயர் மென்னா ரீஸ். கூம் ரெடின் ஆஸ்பத்திரியின் கீழ்த்தள வார்டில் பத்தொன்பது வருஷம் கிளார்க்காக இருந்தேன். மொத்தம் இருபத்திரண்டு படுக்கை. சிலேட்டுக் குவாரிக்காரர்கள் வாராவாரம் தங்கள் கூலியில் பிடித்துக்கொடுத்துக் கட்டிய கட்டடம் என்பதால், ஊரில் எல்லாருக்கும் அது தங்கள் பாட்டன் சொத்து என்ற நினைப்பு. டீ ஆறிப்போயிருந்தால்கூட சொந்த வீட்டில் திட்டுகிற மாதிரி திட்டுவார்கள். குவாரி மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது அங்கே படுத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் எண்பது தாண்டிய கிழங்கள்.

இவர்களில் பலருக்கு ஒன்று நடக்கும். ஞாபகம் கழன்றுகொண்டே வரும்போது முதலில் போவது பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம். அம்மாவிடம் பேசிய வெல்ஷ் மொழி மட்டும் கடைசி வரை நிற்கும். நாற்பது வருஷம் வங்கியில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிய மனிதர், ஒரு வாய் தண்ணீர் கேட்க ஆங்கிலம் வராமல் விழித்துக்கொண்டு கிடப்பார். அப்படிப்பட்டவர்களுக்கு டில்வென் சிஸ்டர் குரல் கேட்டால்தான் உயிர் வரும்.

மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்டுப் பண்ணையில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் லிவர்பூலுக்குப் போய் நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு, அங்கேயே இருக்கச் சொன்னவர்களையெல்லாம் உதறிவிட்டுத் திரும்பி வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் இறக்கும்வரை அவரோடு இருந்தார், பிறகு தனியாக. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்லாரையும்விட அரை அடி முன்னால் பாடி முடித்துவிடுவார். நடையும் அப்படித்தான். கூடவே ஓடினால்தான் பேச முடியும்.

ஒரே ஒரு விஷயத்தில் அவரிடம் இரக்கம் கிடையாது. மருந்தைக் கொடுத்தவள் எவளோ அவள் பெயர்தான் பதிவில் இருக்க வேண்டும். ஒருமுறை ஒரு சின்னப் பெண், தோழிக்குப் பதிலாகத் தான் கையெழுத்துப் போட்டுவிட்டாள். டில்வென் அவளை நடு வார்டில் நிறுத்தி, "நாளைக்கு அந்தக் கிழவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா, ராத்திரி தூக்கம் வராம கெடக்கப்போறது நீயா அவளா? அதை மொதல்ல முடிவு பண்ணிட்டுக் கையெழுத்துப் போடு" என்றார். அந்தப் பெண் அழுதாள். நாங்கள் எல்லாரும் அன்று டில்வெனை மனசுக்குள் திட்டினோம். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் பெயரில் ஒரு தப்பு வந்ததில்லை.

காகிதம் போய்க் கணினி வந்த பிறகு மருந்து வண்டியில் ஒரு திரையைப் பொருத்தினார்கள். நர்ஸுக்கு நர்ஸ் ஒரு கார்டு. கார்டைச் செருகி நாலு எண்ணை அழுத்தினால் வண்டி திறக்கும், திரையின் ஓரத்தில் அந்த நர்ஸின் முகம் வரும். அரை நிமிஷம் தொடாமல் விட்டால் முகம் பெரிதாகித் திரை முழுக்க நிற்கும், யாருடைய வண்டி என்று தெரிவதற்காக. டில்வெனின் படம் அண்ணன் இறந்த வாரம் எடுத்தது. சிரிப்பில்லை. கேமராவைத் தாழ்வாக வைத்து எடுத்ததால் கண்கள் கொஞ்சம் கீழ்நோக்கி இருக்கும். படுத்திருப்பவர்களுக்கு அது தங்களையே குனிந்து பார்ப்பது மாதிரி தெரியும்.

அறுபத்திரண்டு வயதில், முழங்கால் தேய்ந்துபோய், டில்வென் ஓய்வு பெற்றார். கேக் வெட்டினோம். அன்று மாலையே கார்டை என் மேஜைமேல் வைத்து, "இதை ரத்து பண்ண அனுப்பிடு, மென்னா. மறந்துடாதே" என்றார். இரண்டே வாரத்தில் வீட்டில் இருக்கப் பிடிக்காமல், வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வருகிறேன் என்று எழுதிக் கேட்டார். முடியாது என்று பதில் வந்தது. நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கத் தடையாம்.

ஆனால் ஏஜென்சியிலிருந்து நர்ஸ் எடுக்கத் தடை இல்லை. அது வேறு தலைப்புச் செலவு. டில்வென் வந்தால் ஒரு நாளைக்கு இருநூறு பவுண்டு. அந்த இடத்துக்கு ஏஜென்சி அனுப்பும் ஆளுக்கு அறுநூறு. இருநூறுக்கு வழியில்லை, அறுநூறுக்கு வழி இருக்கிறது. இதை எங்கள் மேலாளர் ஹெவின் போவன் என்னிடம் கூட்டல் கழித்தல் போட்டு விளக்கியபோது அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. நல்ல சட்டை போடுவான். அதைத் தவிர அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை.

வந்த நர்ஸுகளைக் குறை சொல்ல மாட்டேன். விடியுமுன் எழுந்து, மலைப்பாதையில் இரண்டு மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்து, பெயர் தெரியாத இருபத்திரண்டு பேரைப் பார்த்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். இன்று வந்தவள் நாளை வரமாட்டாள். அவர்களுக்குக் கார்டு வாங்க விண்ணப்பம் போட்டால் நாலு வாரம் ஆகும். முதல் நாள் ஒருத்தி வண்டியைத் திறக்க முடியாமல் நின்றாள். மணி ஒன்பதரை. சர்க்கரை நோயாளிகள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஹெவினுக்குப் போன் போட்டேன்.

"ஏதாவது பாத்துப் பண்ணுங்க மென்னா. இதெல்லாம் நான் சொல்லணுமா?" என்றான்.

இழுப்பறையில் டில்வெனின் கார்டு கிடந்தது. அவருடைய நாலு எண், அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம். வார்டுக்கே தெரியும். எடுத்துக் கொடுத்தேன். வண்டி திறந்தது. மறுநாள் வேறொருத்தி, "இது யார் கார்டு?" என்று கேட்டாள். தினமும் ஒருத்திக்கு நின்று விளக்க எனக்குப் பொறுமை இல்லை. அன்று மதியம் கார்டில் பெயர் இருந்த இடத்தில் வெள்ளை நாடாவை ஒட்டி, மேலே 'தற்காலிகம்' என்று எழுதினேன். நான் செய்ததிலேயே பெரிய தப்பு அந்த இரண்டு அங்குல நாடாதான். அப்போது அது எனக்குப் புத்திசாலித்தனமாகப் பட்டது.

ஒரு வாரத்திலேயே வார்டில் வித்தியாசம் தெரிந்தது. இத்வல் என்று ஒரு கிழவர். ஏஜென்சி நர்ஸுகள் யார் கொடுத்தாலும் மாத்திரையைத் துப்புவார், கையைத் தட்டிவிடுவார். அவர் படுக்கையருகே ஒருநாள் வண்டி சும்மா நின்றது. திரை முழுக்க டில்வென் முகம் வந்தது. இத்வல் அழுகையை நிறுத்திவிட்டு, "வந்துட்டியா சிஸ்டர்" என்று வெல்ஷில் சொல்லி, வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் மாத்திரை இறங்கிவிட்டது. எப்படியோ இந்த வித்தை ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குப் பரவியது. முதலில் திரையைக் கிழவர் பக்கம் திருப்பு, அரை நிமிஷம் காத்திரு, பிறகு கொடு.

குளிர்காலக் காலைகளில், ஜன்னலுக்கு வெளியே மூடுபனி அப்பிக்கிடக்கும்போது, அந்த வண்டி படுக்கை படுக்கையாக நகரும். தள்ளுகிறவள் இருட்டில் இருப்பாள். முகம் மட்டும் வெளிச்சமாக வரும். படுக்கைகளிலிருந்து ஒவ்வொரு குரலாக "காலை வணக்கம் டில்வென்", "முட்டி எப்படி இருக்கு டில்வென்" என்று கேட்கும். சில சமயம் நடுவில் கொஞ்சம் நிறுத்தி, பதில் வந்த மாதிரி சிரிப்பார்கள். என் மேஜையிலிருந்து பார்க்கும்போது எனக்கு முதுகு சில்லென்று போகும். ஆனாலும் எல்லாரும் மருந்து சாப்பிடுகிறார்களே என்று தலையைக் குனிந்துகொள்வேன்.

மார்ச் மாதம் ஒரு மழை மதியம், டில்வென் என் வீட்டு வாசலில் நின்றார். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"மென்னா, செவ்வாய்க்கெழம நான் வேலைக்கு வந்தேனா?"

துண்டை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இத்வல் மக கடைல என் கையப் புடிச்சுக்கிட்டு அழறா. 'நீங்க குடுத்தாதான் அப்பாவுக்கு மாத்திர எறங்குது சிஸ்டர், நீங்க திரும்பி வந்தது எங்க புண்ணியம்'ங்கறா. செவ்வாய்க்கெழம நான் வீட்ல உருளக்கெழங்கு உரிச்சிட்டிருந்தேன். சொல்லுடி, நான் எங்க இருந்தேன்?"

சொன்னேன். கார்டு, நாடா, திரை எல்லாவற்றையும் சொன்னேன். டில்வென் கோபப்பட்டுக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"செத்தவங்கதான்டி வராமலே வருவாங்க. என்னை உயிரோட வெச்சே அப்படி ஆக்கிட்டீங்களே."

"சிஸ்டர், அது இல்லாட்டி வண்டியத் தொறக்கவே முடியாது..."

"ரெண்டு நாள் வரேன்னு கேட்டேன். வேண்டாம்னாங்க. இப்ப ஏழு நாளும் வரேனா? நான் குடுக்காத மருந்துக்கு என் பேர் போட்டதில்ல மென்னா. என்கிட்ட வேற என்ன இருக்கு, அந்தப் பேரைத் தவிர? நாளைக்கே அனுப்பிடு."

"அனுப்பிடறேன்" என்றேன்.

மறுநாள் லிவர்பூலிலிருந்து ஒருத்தி வந்தாள். கார்டு இல்லை. கிழங்கள் மருந்துக்குக் காத்திருந்தார்கள். இன்று ஒரு நாள் மட்டும் என்று இழுப்பறையைத் திறந்தேன். ஒரு வாரம் கழித்து டில்வென் போன் செய்து, "அனுப்பிட்டியா?" என்று கேட்டார். "அனுப்பிட்டேன் சிஸ்டர்" என்றேன். போனை வைத்த பிறகு எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்பு இரண்டு நாள் இருந்தது. பிறகு பழகிவிட்டது.

நவம்பரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. சமையலறைத் தரையில் கிடந்தவரைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் வைத்திருந்துவிட்டு, இனி ஊரிலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று எங்களிடம் அனுப்பினார்கள். ஆறாம் படுக்கை. வாய் ஒரு பக்கம் இழுத்துப்போயிருந்தது. வலது கை செத்த கை. படத்தில் இருந்த முகத்துக்கும் இந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. லிவர்பூலில் ஆங்கிலத்தில் பரிசு வாங்கியவர் அவர். அந்த ஆங்கிலம் ஒரு சொல் பாக்கியில்லாமல் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் வெல்ஷில், "இங்க என்ன வேடிக்கை? போய் மேஜைல உக்காரு" என்றார். தான் வேலையில் இருப்பதாக நினைப்பு.

அன்றே ஹெவினிடம் போனேன். "அந்தக் கார்டை நிறுத்திடலாம் ஹெவின். அவங்களே இப்ப இங்க படுத்திருக்காங்க. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு."

"நிறுத்துங்க, யாரு வேண்டாம்னா?" என்றான். "நிறுத்தினா ஏஜென்சி ஆளுங்க வண்டியத் தொறக்க முடியாது. மருந்து குடுக்க முடியாத வார்டை ஒரு நாள்கூட நடத்தக் கூடாது, மூடணும். மூடினா உங்க சிஸ்டரை அறுபது மைல் தள்ளி அனுப்புவாங்க. அங்க வெல்ஷ்ல பேச ஒரு நாதி இருக்காது. அப்புறம் நீங்களே அவங்களுக்குச் சமாதானம் சொல்லிக்கோங்க."

மேஜைக்குத் திரும்பினேன். அடுத்து வந்தவளுக்கும் அதே கார்டைத்தான் கொடுத்தேன்.

ராத்திரிக்கு வருகிறவளும் ஏஜென்சி நர்ஸ்தான், அவளுக்கும் அதே கார்டுதான். வீட்டுக்குக் கிளம்பும் முன், ஏழு மணிக்கு, காலை மருந்தில் பாதி வார்டை முடித்துவிடுவாள். பகலில் வருகிறவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று. நல்ல எண்ணம்தான். டில்வென் அந்தப் பாதியில் இருந்தார். அவருக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. முதல் நாள் நான் சீக்கிரமே வந்துவிட்டேன். வண்டி ஆறாம் படுக்கைக்கு வந்து நின்றது. வழக்கப்படி திரையைத் திருப்பினாள் அந்தப் பெண். டில்வென் தன் முகத்தையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "தூங்காம வந்திருக்கா பாரு. கண்ணு எப்படிக் கெடக்கு" என்றார். அந்த முகத்தைப் பார்த்தபடியே மாத்திரையை வாங்கிக்கொண்டார்.

ஒன்பது மணிக்குப் பகல் நர்ஸ் ஆறாம் படுக்கைக்கு வந்தாள். அவள் மாத்திரையை நீட்டியதும் டில்வென் பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்பினார்.

"ஆறாம் படுக்கை அம்மாவுக்கு ஏழு மணிக்கே நான் குடுத்துட்டேன். மறுபடி குடுக்கக் கூடாது. மென்னா, அவகிட்ட சொல்லு."

"என்ன சொல்றாங்க?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள்.

"பாவம், இன்னும் டியூட்டில இருக்கறதா நெனப்பு" என்றேன். "தானே மருந்து குடுத்துட்டாங்களாம்."

அவள் சிரித்து, டில்வெனின் தலையைத் தடவிக்கொடுத்தாள். அவள் கையிலிருந்து டில்வென் வாங்கவில்லை. என்னிடம் கேட்டாள், நான் கொடுத்தால் சாப்பிடுவாரா என்று. ஏழு மணிக்கு நான் பார்த்தது வேறு ஏதோ மாத்திரையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, படுக்கையில் உட்கார்ந்து, "எனக்காக சிஸ்டர், வாயத் தொறங்க" என்று கெஞ்சினேன். டில்வென் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். மறுநாளும் அப்படியே, வேறு நர்ஸ். அதற்கு மறுநாளும். தினமும் காலை ஒன்பது மணிக்கு அவர் அதே வார்த்தைகளைச் சொன்னார், நான் அதே மாதிரி சிரித்து மழுப்பினேன். நோயாளிகளைத் தவிர, வார்டில் வெல்ஷ் தெரிந்த ஒரே ஆள் அந்த நேரத்தில் நான்தான்.

ஐந்தாம் நாள் வாக்கில் அவர் இடது கையில் நீலத் திட்டு ஒன்று தெரிந்தது. ஊசி போட்ட இடமாக இருக்கும் என்றாள் அன்று வந்தவள். ஏழாம் நாள் தலையணையில் கொஞ்சம் ரத்தம். பல் ஈறாக இருக்கும் என்றாள் அன்று வந்தவள். நேற்று அந்தக் கை எப்படி இருந்தது என்று பார்த்தவர்கள் யாரும் இன்று இல்லை. நான் இருந்தேன். கிளார்க்குக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் காலை ருட்டெண்டோ வந்தாள். ஜிம்பாப்வேக்காரி, பர்மிங்காமில் குடியிருப்பவள், இரண்டு பிள்ளைக்காரி. இரண்டாம் நாளும் அவள்தான் வந்திருந்தாள். எங்கள் வார்டுக்கு இரண்டாம் முறை வந்த ஒரே ஏஜென்சி நர்ஸ் அவள். ஆறாம் படுக்கையருகே வந்தவள், மாத்திரையை எடுக்காமல் போர்வையை விலக்கி டில்வெனின் கையைப் பார்த்தாள். பிறகு காலை. பிறகு வயிற்றை.

"போன வாரம் இந்த ஒடம்பு இப்படி இல்லியே, மென்னா."

டில்வென் வழக்கமான வார்த்தைகளைச் சொன்னார். ஆனால் அன்று குரல் குழறியது. சொல்லிக்கொண்டே தலையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொல்றாங்க?"

"அதேதான். ஆறாம் படுக்கைக்கு ஏழு மணிக்கே குடுத்துட்டாங்களாம்."

"யாரு?"

"இவங்கதான்."

ருட்டெண்டோ சிரிக்கவில்லை. திரையைத் தன் பக்கம் திருப்பிப் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். அவள் விரல் பாதியில் நின்றது.

"ஏழு மணிக்குக் குடுத்தது டில்வென் பிரைஸ். ஒன்பது மணிக்கு அது தப்புன்னு அடிச்சுட்டு, மறுபடி குடுத்தது டில்வென் பிரைஸ். வாங்கிக்கிட்டது டில்வென் பிரைஸ். ஒன்பது நாளா." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மென்னா, அந்தப் பேர்ல இங்க ஒரு நர்ஸ் இருக்காங்களா?"

நான் கார்டை எடுத்து நாடாவை உரித்தேன். அவள் அதைப் படித்தாள். 

"போன வாரம் நானும் இதைத்தான் செஞ்சேன்" என்றாள் மெதுவாக. "நோயாளி பேரே குடுத்தவங்க பேரா இருந்துச்சு. அவங்களே எடுத்துச் சாப்பிட்டதா ராத்திரி ஆளு போட்டிருக்காங்கன்னு நெனச்சேன். கையே தூக்க முடியாதவங்க எப்படி எடுப்பாங்க? அப்ப மாத்திர உள்ள போகல, பதிவுதான் தப்புன்னு அடிச்சுட்டுக் குடுத்தேன். நல்லதுன்னு நெனச்சுக் குடுத்தேன்."

ஒன்பது நாள், ஒன்பது நர்ஸ். ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. ஒன்பது பேரும் தனித்தனியாக யோசித்து, ஒரே முடிவுக்கு வந்து, மாத்திரையை இரண்டாம் முறை கொடுத்திருந்தார்கள். அதை ஊட்டிவிட்டது நான். டில்வென் தினமும் உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூளையில் ரத்தக் கசிவு என்று நகரத்தில் சொன்னார்கள். ருட்டெண்டோ உடனே டாக்டரைக் கூப்பிட்டதால் உயிர் தப்பியது. ஆறு வாரம் கழித்து டில்வென் திரும்பி வந்தபோது பாதிதான் வந்தார் என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் தூக்கம். விழித்தால் வார்டைப் பற்றிப் பேச்சு.

விசாரணை என்று வந்தது. அதற்கு முந்தின நாள் ஹெவின் என்னைக் கூப்பிட்டான்.

"பதிவுல இருக்கறது ஒரே பேர்தான். ஓய்வு வாங்கினப்போ கார்டைத் திருப்பித் தரல, தெரிஞ்ச நர்ஸுங்ககிட்ட அவங்களே குடுத்து வெச்சிருந்தாங்கன்னு நாம சொன்னாப் போதும். நர்ஸுங்க பட்டியல்லேருந்து அவங்க பேரை எடுப்பாங்க. எடுத்தா இனிமே அவங்களுக்கு என்ன நஷ்டம்? உங்களுக்கு வேலை இருக்கு, வார்டு இருக்கு, அந்த ஆப்பிரிக்காக்காரப் பொண்ணுக்கும் ஒண்ணும் ஆகாது. யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். அவன் சொன்னதில் ஒவ்வொன்றும் சரியாக இருந்ததுதான் எனக்கு பயமாக இருந்தது.

விசாரணைக்கு வந்த அம்மாள் கார்டிஃபிலிருந்து வந்தவள். அமைதியானவள், சின்ன எழுத்து. வெல்ஷ் தெரியாது. மொழிபெயர்க்க ஏற்பாடு செய்திருந்த ஆளுக்கு அன்று காய்ச்சலாம். ஹெவின் சொன்னான், "மென்னா இருக்காங்களே." ஆறாம் படுக்கையைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தோம். ஹெவின் படுக்கையின் கால்மாட்டில் நின்றான்.

"உங்களுக்கு மாத்திரை கொடுத்தது யார் என்று ஞாபகம் இருக்கிறதா? உங்கள் கார்டை யாரிடமாவது கொடுத்தீர்களா?" என்று அவள் கேட்டாள். நான் டில்வெனிடம் வெல்ஷில் கேட்டேன்.

டில்வென் கண்ணைத் திறந்தார். தெளிவாகப் பேசினார், பழைய குரலில். "நான்தான் குடுத்தேன். ஏழு மணிக்கும் நான்தான், ஒன்பது மணிக்கும் நான்தான். என் வார்டு. பேரை எழுதிக்கச் சொல்லு."

ஹெவினுக்கு வெல்ஷ் நன்றாகப் புரியும். அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நான் அப்படியே சொல்லியிருந்தால் அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும்.

"கார்டு தன்கிட்ட இருக்கவே இல்லைன்னு சொல்றாங்க" என்றேன் ஆங்கிலத்தில். "ஓய்வு வாங்கின அன்னிக்கே ரத்து பண்ணச் சொல்லி வார்டு கிளார்க்கிட்ட குடுத்துட்டாங்க. கிளார்க்குதான் பேரை மறைச்சு நாடா ஒட்டி, வந்தவங்களுக்கெல்லாம் குடுத்தா. நிறுத்துன்னு அவ வீட்டுக்கே போய்ச் சொன்னாங்க. நிறுத்திட்டேன்னு பொய் சொன்னா. மாத்திரை ரெண்டு தடவ வருதுன்னு தினமும் அவகிட்ட சொன்னாங்க. அவ யார்கிட்டயும் சொல்லல. மேலாளருக்கும் கார்டு விஷயம் தெரியும்."

"இதையெல்லாமா இப்போது சொன்னார்கள்?" அந்த அம்மாள் என்னையே பார்த்தாள். "அந்தக் கிளார்க்கின் பெயர்?"

"மென்னா ரீஸ். நான்தான்."

ஹெவின் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் டில்வென் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவர் முகத்தில் கோபம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

"தப்பாச் சொல்றே மென்னா. நான் வந்தேனே. தினமும் வந்தேன். எல்லாருக்கும் நான்தானே குடுத்தேன். நீ மேஜைல உக்காந்து பாத்துட்டுத்தானே இருந்தே?"

"இப்போது என்ன சொன்னார்கள்?" என்றாள் அந்த அம்மாள்.

"தினமும் வேலைக்கு வந்ததாச் சொல்றாங்க. நான் பாத்துட்டு இருந்தேனாம்." இந்த முறை உள்ளபடியே சொன்னேன்.

"பார்த்தீர்களா?"

"பாத்தேன்" என்றேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.